நிறுத்தி வாசித்தல்: கேம்பிரிட்ஜும் டி.என்.ஏ. வரிசை அறியும் கலையும்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரம், 1953 இல் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்ட இடமாகவே அறிவியல் வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்படுகிறது. அந்தப் புகழின் நிழலில், அதே நகரில் அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் வளர்ந்த வேறொரு பணி உரிய கவனத்தைப் பெறவில்லை. டி.என்.ஏ. எவ்வடிவில் சுருண்டிருக்கிறது என்பதை அறிந்துவிட்ட பின்னும், அதில் எழுதப்பட்டிருப்பது என்ன என்பதை ஒருவராலும் வாசிக்க இயலாத நிலை இருபதாண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள் ஒரு டி.என்.ஏ. இழையில் எந்த ஒழுங்கில் அமைந்துள்ளன என்பதை ஒவ்வோர் எழுத்தாகக் கண்டறியும் செயலே ‘வரிசை அறிதல்’ எனப்படுகிறது. ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதையும் குறிக்கும் மரபணுத்தொகுதியைப் பற்றிய இன்றைய ஆய்வுகள் யாவும் இச்செயலின் மேல்தான் நிற்கின்றன. இன்று உலகின் ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் வரிசை அறியும் கருவியின் அடிப்படைக் கருத்து, 1977 இல் கேம்பிரிட்ஜில் கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஊற்றப்பட்ட ஜெல்லில் பிறந்த கருத்தின் நேர்வழித் தொடர்ச்சியாகும். இவ்விரண்டையும் வெவ்வேறு புரட்சிகளாகப் பிரித்துக் காட்டும் வழக்கம் வரலாற்றுக்குப் பொருந்தாது.

வாசிப்பது ஏன் அத்துணைக் கடினமாக இருந்தது என்பதை முதலில் விளக்க வேண்டும். புரதங்களில் இருபது வகை அமினோ அமிலங்கள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று வேதியியல் பண்பில் வேறுபடுவதால், புரதத்தைத் துண்டுகளாக உடைத்து அத்துண்டுகளைத் தனித்தனியே பிரித்தெடுப்பது எளிது. டி.என்.ஏ.விலோ நான்கே வகை எழுத்துகள் உள்ளன; அவை நீண்ட இழைகளில் திரும்பத் திரும்ப வருவதால், உடைத்துப் பெறும் துண்டுகள் ஒன்றைப்போலவே மற்றொன்று தோன்றும். குறிப்பிட்ட எழுத்துத் தொடரைக் கண்டு வெட்டும் நொதிகள், அதாவது உயிரணுக்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், 1970 வாக்கில்தான் கிடைக்கலாயின. அதுவரை, ஒரே அளவும் ஒரே வரிசையும் கொண்ட டி.என்.ஏ. துண்டுகளைப் போதிய அளவில் பெறுவதற்கே வழியில்லாதிருந்தது.

இந்தத் தடையை உடைத்தவர் பிரெடரிக் சாங்கர். 1918 இல் பிறந்து, குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்த குடும்பத்தில் வளர்ந்து, இரண்டாம் உலகப்போரின்போது மனச்சான்றின்பேரில் படைப்பணியை மறுத்த இவர், கேம்பிரிட்ஜின் உயிர்வேதியியல் துறையில் இன்சுலின் புரதத்தின் 51 அமினோ அமிலங்களும் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதைப் பத்தாண்டுகளுக்கும் மேலான உழைப்பின் பயனாக 1955 இல் முழுமையாக நிறுவினார். ஒரு புரதத்துக்குத் திட்டவட்டமான ஒரே வரிசை உண்டு என்பது அதுவரை கருதுகோளாகவே இருந்தது. இன்சுலின் ஆய்வு அதனை உண்மையென்று காட்டியது. 1958 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குத் தனியாக வழங்கப்பட்டது. 1962 இல் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகம் கேம்பிரிட்ஜின் தெற்கு ஓரத்தில் திறக்கப்பட்டபோது, மாக்ஸ் பெருட்ஸ், ஜான் கென்ட்ரூ, கிரிக் ஆகியோரோடு சாங்கரும் அங்குக் குடியேறினார். புரதத்தில் வெற்றி கண்ட ஒருவர் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகிய நியூக்ளிக் அமிலங்களின் பக்கம் திரும்பியதற்கு, கிரிக் முதலியோருடன் ஒரே கூரையின்கீழ் அன்றாடம் உரையாடும் வாய்ப்பு ஒரு முக்கியக் காரணமாயிற்று.

முதலில் ஆர்.என்.ஏ.வே முயலப்பட்டது; அதன் மூலக்கூறுகள் சிறியவை, வெட்டும் நொதிகளும் அதற்குக் கிடைத்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹாலி, ஈஸ்ட்டின் ஒரு சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூற்றின் வரிசையை 1965 இல் வெளியிட்டார். எண்பது எழுத்துகளுக்கும் குறைவான அத்தொடருக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. சாங்கரின் குழுவினர் கதிரியக்கப் பாஸ்பரசால் குறியிட்டு, துண்டுகளைத் தாளின்மீது இரு திசைகளில் பிரித்துப் பரப்பும் முறையை வகுத்து, 1967 இல் 120 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ.வை வாசித்தனர். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் வால்டர் ஃபியர்ஸ் இவ்வழியையே தொடர்ந்து சென்று, எம்.எஸ்.2 என்னும் வைரசின் 3,569 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. முழுவதையும் 1976 இல் வெளியிட்டார். ஓர் உயிரியற் பொருளின் முழு மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்டது அதுவே முதல் முறை. எனினும் அது பெரும் பொறுமையின் சாதனையேயன்றி, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தத்தக்க எளிய வழியாக அமையவில்லை.

சாங்கர் செய்த தீர்க்கமான திருப்பம், உடைத்து வாசிப்பதைக் கைவிட்டுப் படியெடுத்து வாசிப்பதைத் தேர்ந்ததாகும். உயிரணு தன் டி.என்.ஏ.வைப் பெருக்கும்போது, பாலிமரேஸ் என்னும் நொதி ஓர் இழையை அச்சாகக் கொண்டு அதற்கு ஈடான மறு இழையை எழுத்தெழுத்தாகக் கட்டுகிறது. அடினினுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைட்டோசினும் வந்து சேர்கின்றன. கார்னெல்லில் ரே வூ, லாம்டா வைரசின் இழை முனைகளில் உள்ள 12 எழுத்துகளை இந்நொதியின் துணையால் நிரப்பி வாசித்து, 1970களின் தொடக்கத்திலேயே இவ்வழி கைகூடும் என்று காட்டியிருந்தார். அவருடைய பங்கு பிற்கால நூல்களில் குறைத்தே சொல்லப்படுகிறது. சாங்கரும் ஆலன் கூல்சனும் 1975 இல் வெளியிட்ட ‘கூட்டல் கழித்தல் முறை’, நான்கு எழுத்துகளில் ஒன்றை மட்டும் கொடுத்தோ ஒன்றை மட்டும் கொடாமலோ நொதியைப் படியெடுக்கவைத்து, படி எவ்விடத்தில் நின்றது என்பதிலிருந்து எழுத்தை ஊகிக்கும் முறையாகும். ஒரே எழுத்து அடுத்தடுத்துப் பலமுறை வரும் இடங்களில் அது தடுமாறியது. ஆயினும் அம்முறையால்தான், குடற்பாக்டீரியமான ஈ.கோலையைத் தாக்கும் ஃபை எக்ஸ் 174 என்னும் வைரசின் மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்டு, 5,375 எழுத்துகளாக 1977 பிப்ரவரியில் அச்சேறியது. மறு ஆண்டில் அது 5,386 எனத் திருத்தப்பட்டது. முழுமையாக வாசிக்கப்பட்ட முதல் டி.என்.ஏ. மரபணுத்தொகுதி இதுவே. ஒரு மரபணுவுக்குள்ளேயே மற்றொரு மரபணு, வேறொரு எழுத்திலிருந்து தொடங்கி, அதே தொடரை வேறு சொற்களாகப் பிரித்து எழுதப்பட்டிருப்பது அவ்வாசிப்பில் தெரியவந்தது. எந்தக் கோட்பாடும் முன்கூட்டிச் சொல்லாத இந்த உண்மை, வரிசை அறிதல் என்பது வெறும் பட்டியலிடும் வேலையன்று என்பதற்கு முதற்சான்றாயிற்று.

அந்த எழுத்துத் தொடரைக் கையால் ஒப்பிடுவது கடினமென்று கண்டு, ஆய்வில் பங்கேற்ற மைக்கேல் ஸ்மித் தம் மைத்துனரான டங்கன் மெக்காலம் என்பவரின் உதவியை நாடினார். கேம்பிரிட்ஜில் வணிகக் கணினி நிரல்களை எழுதிவந்த அவர் வரிசைகளைத் தொகுப்பதற்கென்று நிரல் எழுதித் தந்தார். இன்று உயிர்த்தகவலியல் என்னும் தனித்துறையாக வளர்ந்திருப்பதன் தொடக்கங்களுள் இதுவும் ஒன்றாகும்.

1977 டிசம்பரில் சாங்கர், ஸ்டீவ் நிக்லென், கூல்சன் ஆகிய மூவரும் வெளியிட்ட முறையே அடுத்த முப்பதாண்டுகளை ஆண்டது. அதன் நுட்பம் விரிவாகச் சொல்லத்தக்கது. டி.என்.ஏ. எழுத்து ஒவ்வொன்றிலும் உள்ள சர்க்கரைப் பகுதியில், அடுத்த எழுத்து வந்து பிணைவதற்கு ஒரு ஹைட்ராக்சில் தொகுதி தேவை. அத்தொகுதி நீக்கப்பட்ட எழுத்தே டைடீஆக்சி நியூக்ளியோடைடு. பாலிமரேஸ் அதனை உண்மை எழுத்தென்றே ஏற்று இழையில் சேர்த்துவிடும், ஆனால் அதற்கு மேல் எதையும் சேர்க்க முடியாமல் படி அங்கேயே நின்றுவிடும். வாசிக்க வேண்டிய டி.என்.ஏ.வை நான்கு குழாய்களில் இட்டு, நான்கிலும் எல்லா எழுத்துகளையும் தந்து, ஒவ்வொரு குழாயிலும் ஒரேயொரு வகை நிறுத்தெழுத்தைச் சிறிதளவு கலந்தால், முதற்குழாயில் அடினின் வரும் இடங்களிலெல்லாம் நின்ற படிகளும், அடுத்ததில் தைமின் வரும் இடங்களிலெல்லாம் நின்ற படிகளும் எனப் பல நீளங்களில் துண்டுகள் கிடைக்கும். அவற்றை நான்கு தடங்களில் பாலிஅக்ரிலமைடு ஜெல்லின்மீது ஏற்றி மின்சாரம் செலுத்தினால், சிறிய துண்டுகள் விரைந்தும் பெரியவை மெல்லவும் நகர்ந்து, ஓர் எழுத்து நீள வேறுபாடும் தனித்தனிக் கோடாகப் பிரியும். கதிரியக்கத்தால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் பதியும் அக்கோடுகளைக் கீழிருந்து மேலாக, எந்தத் தடத்தில் அடுத்த கோடு உள்ளது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே போனால் டி.என்.ஏ.வின் வரிசை கிடைத்துவிடும். தொடக்கத்தில் ஒரு ஜெல்லிலிருந்து ஏறத்தாழ 200 எழுத்துகளும், கவனமாகச் செய்தால் 300 வரையும் வாசிக்க முடிந்தது. நிறுத்தெழுத்துகள் அப்போது எளிதில் வாங்கக் கிடைக்காததால், பெரும்பாலானவற்றை ஆய்வகத்தினரே தயாரிக்க வேண்டியிருந்தது. கூல்சனும் சாங்கரும் ஜெல்லை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பில் ஊற்றக் கற்றதால் கோடுகள் கூர்மையடைந்தன. அறிவியல் வரலாறு பரிசு பெற்றோரின் பெயர்களால் எழுதப்படுவதால், இத்தகைய கைத்திறன்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. ஆனால் சீரான ஜெல்லை ஊற்றத் தெரியாத ஆய்வகத்தில் எந்தச் சிறந்த கருத்தும் பயன் தந்திருக்காது.

அதே 1977 இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆலன் மாக்சமும் வால்டர் கில்பர்ட்டும், குறிப்பிட்ட எழுத்துகளில் இழையை வேதிப்பொருள்களால் வெட்டி வாசிக்கும் மற்றொரு முறையை வெளியிட்டனர். தனி இழை அச்சு ஏதும் தயாரிக்கத் தேவையில்லாமல், தூய்மைப்படுத்திய டி.என்.ஏ.வை நேரடியாக வாசிக்க முடிந்ததால், முதற்சில ஆண்டுகள் அதுவே பரவலாகக் கையாளப்பட்டது. ஹைட்ரசீன் போன்ற நச்சுப் பொருள்களைக் கையாள வேண்டியிருந்தமையும், எம்13 என்னும் வைரசில் டி.என்.ஏ. துண்டுகளைச் செருகித் தனி இழைகளாகப் பெருக்கும் வழியை ஜோவாகிம் மெஸ்சிங் உருவாக்கியமையும் சேர்ந்து, 1980களில் தராசைச் சாங்கரின் பக்கம் சாய்த்தன. 1980 ஆம் ஆண்டு வேதியியல் நோபலின் ஒரு பாதி பால் பெர்க்குக்கும், மறுபாதி சாங்கருக்கும் கில்பர்ட்டுக்குமாக வழங்கப்பட்டது. சாங்கர் தம் முறைக்குக் காப்புரிமை பெறவில்லை. எவரும் கட்டணமின்றி அதனைக் கற்றுச் செய்ய முடிந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தின் இவ்வழக்கம் பிற்காலத்தில் எழுந்த பெரும் பூசலில் ஒரு தரப்பின் அறமாக மாறியது என்பதால், இதனைச் சிறு செய்தியாகக் கடந்து செல்ல இயலாது.

நீண்ட டி.என்.ஏ.வை முன்னூறு எழுத்துத் துண்டுகளாக வாசிப்பவர்கள், துண்டுகளைச் சேர்த்து முழுமையாக்கியாக வேண்டும். ஒரே ஓலைச்சுவடியின் பல படிகள் கண்டபடி நறுக்கப்பட்டுக் கலந்துவிட்டால், ஒரு நறுக்கின் இறுதிச் சொற்கள் மற்றொன்றின் தொடக்கச் சொற்களோடு பொருந்துவதைக் கொண்டு சுவடியை மீட்பதுபோல, டி.என்.ஏ.வையும் கட்டின்றி நறுக்கி, வாசித்து, மேற்படியும் பகுதிகளைக் கொண்டு இணைக்கும் முறை வகுக்கப்பட்டது. இதற்கான கணினி நிரல்களை ராட்ஜர் ஸ்டேடன் 1970களின் இறுதியில் அதே ஆய்வகத்தில் எழுதினார். 1981 இல் 16,569 எழுத்துகள் கொண்ட மனித மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வும், 1982 இல் 48,502 எழுத்துகள் கொண்ட லாம்டா வைரசும், 1984 இல் 1,72,282 எழுத்துகள் கொண்ட எப்ஸ்டீன்-பார் வைரசும் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்தன.

இவற்றுள் மைட்டோகாண்ட்ரிய வரிசையின் வரலாறு சற்றே நின்று நோக்கத்தக்கது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியம் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவதால், அதன் டி.என்.ஏ. தாய்வழி மரபைத் தேடுவோருக்கு அடிப்படைச் சான்றாயிற்று. 1981 இன் வரிசை ‘கேம்பிரிட்ஜ் மேற்கோள் வரிசை’ என்ற பெயரில் உலகெங்கும் ஒப்பீட்டு அளவையாக நிலைத்தது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களின் தாய்வழி மரபுகளை ஆராய்ந்தவர்களும் தம் முடிவுகளை இதனோடு ஒப்பிட்டே எழுதினர். அவ்வரிசையின் பெரும்பகுதி ஒரு தாயின் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்தும், ஐயம் எழுந்த சில இடங்கள் ஹீலா உயிரணுக்களிலிருந்தும் மாட்டின் வரிசையிலிருந்தும் நிரப்பப்பட்டன. 1999 இல் மூலத் திசுவையே மறுபடி வாசித்தபோது சில பிழைகள் தெரியவந்தன. 3,106, 3,107 ஆம் இடங்களில் இரண்டாகக் குறிக்கப்பட்ட சைட்டோசின் உண்மையில் ஒன்றே. அந்த ஓர் எழுத்தை நீக்கினால் உலகெங்கும் அச்சேறிய ஆய்வுகளின் எண்கள் யாவும் மாறிப்போகும் என்பதால், 3,107 ஆம் இடத்தை வெற்றிடமாக விட்டு எண் வரிசையைக் காத்தனர். திசுவைத் தந்த தாயின் ஒப்புதலோ, ஹீலா உயிரணுக்கள் எடுக்கப்பட்ட ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் ஒப்புதலோ இன்றைய நெறிகளின்படி பெறப்பட்டதாகக் கருத இயலாது. மனிதரின் டி.என்.ஏ. முதன்முதலாக நீளமாக வாசிக்கப்பட்ட நாளிலிருந்தே, அது எவருடையது என்னும் கேள்வியும் உடன்வந்திருக்கிறது.

1983 இல் சாங்கர் ஓய்வுபெற்றுத் தோட்டப்பணியில் ஈடுபட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து அப்பணியைப் பேரளவுக்கு எடுத்துச் சென்றவர் அதே ஆய்வகத்தின் ஜான் சல்ஸ்டன். சிட்னி பிரென்னர் ஆய்வுயிராகத் தேர்ந்த ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி.எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் மரபணுத்தொகுதிக்கு, சல்ஸ்டனும் கூல்சனும் 1980களில் வரைபடம் வகுத்தனர். அதே காலத்தில் கருவியுலகில் ஒரு மாற்றம் நேர்ந்தது. கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் லீராய் ஹூட், லாயிட் ஸ்மித் ஆகியோரின் குழு, கதிரியக்கத்துக்கு மாற்றாக நான்கு நிற ஒளிர்சாயங்களைப் பயன்படுத்தி, நான்கு குழாய்களின் துண்டுகளையும் ஒரே தடத்தில் ஓடவிட்டு, லேசர் ஒளியால் கணினியே வாசிக்கும் முறையை 1986 இல் அறிவித்தது. மறு ஆண்டில் அப்ளைடு பயோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதனைக் கருவியாக விற்றது. வேதியியல் சாங்கருடையதாகவே இருந்தது. கண்ணின் வேலையை மட்டும் கருவி ஏற்றுக்கொண்டது.

மனித மரபணுத்தொகுதித் திட்டம் 1990 இல் தொடங்கியபோது, 300 கோடி எழுத்துகளை வாசிப்பது ஓர் ஆய்வகத்தின் பணியாக இல்லாமல் தொழிற்கூடத்தின் பணியாயிற்று. வெல்கம் அறக்கட்டளையும் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சேர்ந்து, கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே உள்ள ஹிங்ஸ்டன் சிற்றூரில் நிறுவிய சாங்கர் மையம் சல்ஸ்டனின் தலைமையில் 1993 இல் முறைப்படி திறக்கப்பட்டது, சாங்கரே திறந்துவைத்தார். 1998 இல், செயின்ட் லூயிஸ் நகரின் பாப் வாட்டர்ஸ்டன் குழுவோடு இணைந்து, உருளைப்புழுவின் ஏறத்தாழ 9.7 கோடி எழுத்துகளை வெளியிட்டனர். பல உயிரணுக்களால் ஆன விலங்கொன்றின் மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அதற்கு முன்பே, 1996 பிப்ரவரியில் பெர்முடாவில் கூடிய பன்னாட்டுக் குழுவினரிடம் சல்ஸ்டனும் வாட்டர்ஸ்டனும் ஒரு நெறியை முன்வைத்தனர்: ஆயிரம் எழுத்துகளுக்கு மேல் இணைக்கப்பட்ட எந்த வரிசையும் 24 மணி நேரத்துக்குள் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்பட வேண்டும். ஆய்வுக் கட்டுரை அச்சாகும் வரை தரவைப் பூட்டிவைக்கும் உலக வழக்கத்துக்கு இது நேரெதிரானது. 1998 இல் கிரெய்க் வென்டரின் செலேரா நிறுவனம், முழு மரபணுத்தொகுதியையும் ஒரே வீச்சில் நறுக்கி வாசித்துப் பொதுத்திட்டத்தை முந்தப்போவதாகவும், தரவுகளைப் பணம் செலுத்துவோருக்கு முன்னுரிமையுடன் தரப்போவதாகவும் அறிவித்தபோது, வெல்கம் அறக்கட்டளை ஹிங்ஸ்டனுக்கான நிதியை உயர்த்தி விடையளித்தது. 2000 ஜூன் 26 இல் இரு தரப்பும் சேர்ந்து வரைவு வரிசையை அறிவித்தன. 2003 ஏப்ரலில் பொதுத்திட்டம் நிறைவை அறிவித்தது. அதன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஹிங்ஸ்டனில் வாசிக்கப்பட்டதாகும். செலேராவின் விரைவு பொதுத்திட்டத்தைத் துரிதப்படுத்தியது உண்மையே. ஆயினும் இன்று எந்த நாட்டு மாணவரும் மனித மரபணுத்தொகுதியைக் காசின்றிப் பதிவிறக்கிப் படிக்க முடிவதற்குப் பெர்முடா நெறியும், அதற்கு முன் சாங்கரின் கூடத்தில் நிலவிய வழக்கமுமே காரணங்களாகும்.

ஹிங்ஸ்டனில் பெரும் வாசிப்பு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், கேம்பிரிட்ஜின் வேதியியல் துறையில் அடுத்த மாற்றம் கருக்கொண்டது. சங்கர் பாலசுப்பிரமணியன் 1966 இல் சென்னையில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சென்று, செஷயர் வட்டாரத்தில் வளர்ந்தவர். அவரும் இயற்பிய வேதியியலாளரான டேவிட் கிளனர்மனும், ஒற்றைப் பாலிமரேஸ் மூலக்கூறு டி.என்.ஏ.வைப் படியெடுப்பதை ஒளிர்சாயத்தின் துணையால் கண்காணிக்க முயன்றுகொண்டிருந்தனர். 1997 கோடையில் நடந்த கலந்துரையாடல்களில், டி.என்.ஏ. துண்டுகளை ஒரு தளத்தில் நட்டுவைத்து, கோடிக்கணக்கானவற்றை ஒரே நேரத்தில் வாசிக்கலாமே என்ற கருத்து உருப்பெற்றது. துறைக்கு அருகில் இருந்த பான்டன் ஆர்ம்ஸ் என்னும் மதுவிடுதியில் அக்கலந்துரையாடல்கள் நடந்தமையால் அவ்விடமும் அறிவியல் வரலாற்றில் பெயர் பெற்றுவிட்டது. 1998 இல் சொலெக்சா நிறுவனம் தொடங்கப்பட்டது.

அதன் வேதியியல், சாங்கர் முறையோடு ஒப்பிட்டுக் காணத்தக்கது. சாங்கரின் நிறுத்தெழுத்து படியை என்றென்றைக்கும் நிறுத்திவிடும். சொலெக்சாவின் எழுத்தோ தற்காலிகமாக மட்டும் நிறுத்தும்: அதன் ஹைட்ராக்சில் தொகுதி ஒரு வேதித்தொகுதியால் மூடப்பட்டிருக்கும், எழுத்தின்மீது அதற்குரிய நிறச்சாயமும் ஒட்டியிருக்கும். நான்கு எழுத்துகளையும் தளத்தின்மீது பாய்ச்சினால், ஒவ்வொரு துண்டிலும் பொருந்தும் ஓர் எழுத்து மட்டும் சேர்ந்து படி நிற்கும். அந்நிலையில் ஒளிப்படம் எடுத்து நிறத்தைக் குறித்துக்கொண்டு, மூடியையும் சாயத்தையும் வேதிவினையால் நீக்கிவிட்டால், அடுத்த எழுத்துக்கு வழி திறக்கும். படியெடுக்கும் நொதியை இடைமறித்து நிறுத்தி, நின்ற இடத்தை வாசித்தல் என்னும் 1977 இன் கருத்தே இங்கும் இயங்குகிறது. நிறுத்தத்தை மீட்கத்தக்கதாக்கியதும், ஜெல்லைக் கைவிட்டதும், வாசிப்பைக் கோடிமடங்கு இணையாக்கியதும் புதியவை. ஒற்றை மூலக்கூற்றின் ஒளி மங்கலாக இருந்த குறையை, ஒவ்வொரு துண்டையும் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான படிகளின் கொத்தாகப் பெருக்கும் நுட்பம் தீர்த்தது. சுவிட்சர்லாந்தின் மான்டீயா நிறுவனத்தில் பாஸ்கல் மேயரும் பிறரும் உருவாக்கிய அதனைச் சொலெக்சா 2004 இல் வாங்கியது. 2005 இல் சொலெக்சா குழு தன் முறையை நிறுவிக்காட்டத் தேர்ந்தது அதே ஃபை எக்ஸ் 174 வைரசையே. முதற்கருவி 2006 இல் வந்தது; 2007 இல் அமெரிக்காவின் இல்லுமினா நிறுவனம் சொலெக்சாவை ஏறத்தாழ 60 கோடி டாலருக்கு வாங்கியது. 2001 இல் ஒரு மனித மரபணுத்தொகுதியை வாசிக்க ஏறத்தாழ 10 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டிருந்த அமெரிக்கத் தேசிய மனித மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தின் வரைபடம், 2008 முதல் செங்குத்தாகச் சரிந்து, பத்தாண்டுகளுக்குள் ஆயிரம் டாலரை ஒட்டிவந்தது.

இணை வாசிப்பில் சொலெக்சா தனித்து ஓடவில்லை. ஸ்டாக்ஹோமில் பிறந்த, எழுத்து சேரும்போது வெளிப்படும் பைரோபாஸ்பேட்டை ஒளியாக மாற்றிக் காணும் முறையைக் கொண்டு 454 நிறுவனம் 2005 இலேயே கருவி வெளியிட்டது. அது இன்று வழக்கொழிந்துவிட்டது. போட்டியில் சொலெக்சாவின் வழி நிலைத்ததற்கு, ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களிலும் அது ஒவ்வொன்றாக நிறுத்தி எண்ணியதும் ஒரு காரணம்.

புதிய கருவி தந்த துண்டுகள் முதலில் 35 எழுத்து அளவே நீண்டவை. அவற்றைப் புதிதாக இணைத்து மனித மரபணுத்தொகுதியைக் கட்டுவது இயலாத செயல். ஆனால் ஹிங்ஸ்டன் முதலிய மையங்கள் வாசித்து வைத்த மேற்கோள் வரிசையின்மீது அவற்றை இடம் பொருத்தி, வேறுபடும் எழுத்துகளை மட்டும் காணலாம். கோடிக்கணக்கான துண்டுகளை விரைந்து பொருத்தும் நிரலை ஹெங் லீயும் ரிச்சர்ட் டர்பினும் 2009 இல், சாங்கர் நிறுவனம் எனப் பெயர்மாறிவிட்ட சாங்கர் மையத்தில் வெளியிட்டனர். அதன் உள்ளீடான கணக்கு முறை, கேம்பிரிட்ஜின் கணினித்துறைப் பேராசிரியர் டேவிட் வீலரும் மைக்கேல் பரோசும் கோப்புகளைச் சுருக்குவதற்காக 1994 இல் வெளியிட்டதாகும். இக்கருவிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ‘ஆயிரம் மரபணுத்தொகுதிகள்’ திட்டம், 2015 இல் 26 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் வேறுபாட்டுப் பட்டியலை வெளியிட்டது. அக்குழுக்களுள் ஒன்று பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். அவர்களுள் 102 பேர் தம் டி.என்.ஏ.வை அளித்தனர். மேற்கோள் வரிசையின் பெரும்பகுதி அமெரிக்காவின் பஃபலோ நகரில் குருதியளித்த பெயரறியா ஒருவருடையது என்பதை நினைத்தால், இத்தகைய விரிவு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

குறுந்துண்டுகளால் எட்ட முடியாத இடங்களும் இருந்தன. ஒரே தொடர் நூற்றுக்கணக்கான முறை மீண்டுவரும் நிறப்புரிகளின் நடுப்பகுதிகளை நிரப்ப, நிறுத்தாமல் வாசிக்கும் முறைகள் தேவைப்பட்டன. ஒற்றைப் பாலிமரேஸ் இடையறாது படியெடுப்பதை ஒளியால் தொடரும் பசிபிக் பயோசயன்சஸ் கருவியும், புரத நுண்துளை ஒன்றினூடே டி.என்.ஏ. இழை செல்லும்போது மின்னோட்டம் மாறுவதை அளக்கும் ஆக்ஸ்போர்டு நானோபோர் கருவியும் ஆயிரக்கணக்கான, சிலவேளை லட்சக்கணக்கான எழுத்துகளைத் தொடர்ந்து வாசித்தன. அவற்றின் துணையால், 2003 இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்ட வரிசையில் விடுபட்டிருந்த ஏறத்தாழ 8 விழுக்காடு 2022 இல்தான் நிரப்பப்பட்டது.

மருத்துவத்தில் இதன் பயனை எழுதப் புகுந்தால் தனி நூலாகும். ஹிங்ஸ்டன் வளாகத்தில் வாசிக்கப்பட்ட ‘ஒரு லட்சம் மரபணுத்தொகுதிகள்’ திட்டம் 2018 டிசம்பரில் தன் இலக்கை எட்டி, ஆண்டுக்கணக்கில் நோயின் பெயர்கூடத் தெரியாமல் அலைந்த குடும்பங்கள் பலவற்றுக்கு விடை தந்தது. நோய்த்தொற்றைத் தேடுவதில் அதன் வலிமை கோவிட் காலத்தில் உலகுக்கே புலப்பட்டது. 2020 ஜனவரியில் சீன ஆய்வாளர் ஜாங் யோங்ஜென்னின் குழு வாசித்த 29,903 எழுத்துகள் கொண்ட வைரஸ் வரிசை இணையத்தில் வெளியானவுடனேயே தடுப்பூசி வடிவமைப்பு தொடங்கியது. கேம்பிரிட்ஜின் ஷேரன் பீகாக் தலைமையில் அவ்வாண்டு மார்ச்சில் அமைந்த பிரித்தானியக் கூட்டமைப்பு, ஆல்பா திரிபை இனங்கண்டது. இந்தியாவும் அதே ஆண்டு டிசம்பரில் இன்சாகாக் என்னும் ஆய்வகக் கூட்டமைப்பை நிறுவியது.

இத்தனை பயன் தரும் சொலெக்சா வழியின் நிறுத்தெழுத்து வேதியியல், சாங்கரின் முறையைப் போலன்றி, காப்புரிமை வேலிக்குள் வளர்ந்தது. கருவியும் அதற்கு வேண்டிய வேதிப்பொருள்களும் ஒருசில நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. சாங்கரின் கூடத்தில் கதவு திறந்திருந்த பகுதி இப்போது மூடிக்கிடக்கிறது. சல்ஸ்டன் திறந்துவைத்த தரவுக் கதவு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதுவும் தானாகத் திறந்தே இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. டி.என்.ஏ.வைத் தந்தவரின் அடையாளத்தைக் காக்கும் கடமையும், தரவை ஆய்வுலகுக்குத் தரும் கடமையும் மோதும் இடத்தில்தான் அடுத்த தலைமுறை நெறிகள் வகுக்கப்பட வேண்டும். முந்தையதைக் காரணங்காட்டிப் பிந்தையதைக் கைவிடும் நாடு, தன் மக்களின் நோய்களைப் பிறர் வரிசையைக் கொண்டே படிக்க நேரும். இந்திய மக்கட்குழுக்கள் 83 இலிருந்து திரட்டப்பட்டு, ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தில் வாசிக்கப்பட்ட ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத்தொகுதிகள், 2025 ஜனவரி முதல் ஃபரீதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில், ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெறும் ஏற்பாட்டில் வைக்கப்பட்டுள்ளன.